ஈ-ஆன்டிஜென் மறைந்த பிறகு

தைவானின் ஏழு வட்டாரங்களில் 1991, 1992 ஆகிய ஆண்டுகளில், முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ள ஆயிரக்கணக்கானோரிடம் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, உறைநிலையில் சேமித்து வைத்தார்கள். அவர்களில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலில் நிலைத்துவிட்ட 3,653 பேரைச் சென் சியென்-ஜென் தலைமையிலான குழு சராசரியாகப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. (நோய்ப்பரவல் ஆய்வாளரான சென் பின்னாளில் தைவானின் துணை அதிபரானார்.) யார் யாருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது என்று தெரிந்த பிறகு, உறைய வைத்த பழைய சீரத்தை எடுத்து அதிலிருந்த வைரஸை ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான ஒரு பகுதி, 1,526 பேரின் வைரஸ்களில் மூன்றே மூன்று எழுத்துகளைக் கவனித்தது. வைரஸின் மரபுப் பிரதியில் 1762, 1764 ஆகிய இரண்டு இடங்களும் மாறியிருந்தவர்களுக்குப் புற்றுநோய் அபாயம், மாறாதவர்களைவிட 1.7 மடங்கு. 1896-ஆம் இடம் மாறியிருந்தவர்களுக்கோ அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

இந்த மூன்று மாற்றங்களும் ஒரே திசையில் வேலை செய்பவை என்பதால்தான் இந்த முடிவு புதிராகிறது. முதல் இரண்டும் சேர்ந்து ஈ-ஆன்டிஜென் என்ற புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கின்றன. மூன்றாவது அதை அடியோடு நிறுத்துகிறது. அப்படியிருக்க ஒன்று ஆபத்தைக் கூட்டுவதும் மற்றொன்று குறைப்பதும் எப்படி? “வைரஸ் உருமாறிவிட்டது” என்று கேட்டதும் நோய் முற்றிவிட்டது என்று நினைக்கக் கொரோனா காலம் நம்மைப் பழக்கியிருக்கிறது. கல்லீரலுக்குள் நடக்கும் கதை அந்தப் பழக்கத்துக்கு அடங்குவதாக இல்லை.

ஈ-ஆன்டிஜென் 1972-இல் சுவீடனில் கண்டறியப்பட்டது. வைரஸ் பெருகவோ, புதிய செல்லுக்குள் புகவோ இந்தப் புரதம் தேவையில்லை. செல்லிலிருந்து வெளியேறி ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். நம் எதிர்ப்பாற்றலை மந்தப்படுத்தி, வைரஸை அந்நியனாகப் பார்க்காமல் இருக்கச் செய்வதே இதன் வேலை என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றுப் பெற்ற குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு வைரஸ் நிலைத்துவிடுவதும், வளர்ந்தபின் தொற்றுப் பெற்றவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானோருக்கே அது நிலைப்பதும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியவை. குழந்தையின் உடலில் இருபது, முப்பது ஆண்டுகள் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகும். கல்லீரலில் பெரிய சேதம் தெரியாது. கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு இயல்பாகவே இருக்கும். ஏனென்றால் கல்லீரல் செல்களைக் கொல்வது வைரஸ் அல்ல, வைரஸ் தங்கிய செல்களைத் தேடி அழிக்கும் நம்முடைய வெள்ளணுக்களே.

பிறகு ஒருநாள் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்கிறது. கல்லீரல் அழல்கிறது. ஈ-ஆன்டிஜென் மறைந்து, அதற்கெதிரான ஆன்டிபாடி தோன்றுகிறது. பலருக்கு வைரஸ் அளவும் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். 1970-களில் இதை நோயாளியின் வெற்றியாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘ஈ நெகட்டிவ்’ என்று அறிக்கை வந்தால் ஆபத்துக் கட்டம் தாண்டியாயிற்று என்று பொருள்.

மத்தியதரைக் கடலோரத்தில் இந்தக் கணக்கு பொய்த்தது. கிரேக்கத்தில் ஸ்டெஃபனோஸ் ஹாட்ஸியான்னிஸும், இத்தாலியில் ஃபெருச்சியோ போனினோ, மௌரிட்சியா புருனெத்தோ ஆகியோரும் பார்த்துவந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஈ-ஆன்டிஜென் இல்லை, அதற்கான ஆன்டிபாடி இருந்தது. ஆனால் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருந்தது. கல்லீரல் தொடர்ந்து அழன்றுகொண்டிருந்தது. சிலருக்கு ஈரல் இறுக்கம் வரை போனது. 1989-இல் லண்டனில் வில்லியம் கார்மனும் ஹோவர்டு தாமஸும் கிரேக்க, இத்தாலிய நோயாளிகளின் வைரஸ்களைப் பிரித்துப் படித்தபோது காரணம் தெரிந்தது. 1896-ஆம் இடத்தில் குவானின் இருக்க வேண்டிய இடத்தில் அடினின் இருந்தது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, இந்த ஒற்றை எழுத்து மாறியதால் ‘இங்கே நிறுத்து’ என்ற கட்டளையாகிவிட்டது. புரத உற்பத்தி தொடக்கத்திலேயே அறுந்துபோகிறது. ஈ-ஆன்டிஜென் மறைந்தது வைரஸ் அடங்கியதால் அல்ல. வைரஸ் அதைத் தயாரிக்க மறந்ததால். ஆன்டிஜெனைத் தேடிய சோதனையில் ஒன்றும் சிக்கவில்லை, வைரஸ் அப்படியே இருந்தது.

இப்படி மாறுவது இந்த வைரஸுக்கு எளிது. மாறாமல் இருக்க வேண்டிய கட்டாயமும் இதற்கே அதிகம். ஹெபடைட்டிஸ் பி-யின் மரபுப் பிரதி சுமார் 3,200 எழுத்துகள்தான். மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. அது டி.என்.ஏ. வைரஸ், ஆனால் தன்னை நகலெடுக்கும்போது முதலில் ஆர்.என்.ஏ.-வாக எழுதி, அதிலிருந்து மறுபடி டி.என்.ஏ.-வாகத் திருப்பி எழுதுகிறது. இதை 1982-இல் வில்லியம் மேசனும் ஜெஸ்ஸி சம்மர்ஸும் வாத்துகளைத் தாக்கும் உறவுக்கார வைரஸில் காட்டினார்கள். திருப்பி எழுதும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் கிடையாது. மும்முரமாகத் தொற்று இருக்கும் உடலில் ஒரு நாளில் பத்தாயிரம் கோடி வைரஸ் துகள்கள் வரை உருவாகக்கூடும் என்பது ஒரு கணக்கு. லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்று வைத்தாலும், அந்த 3,200 எழுத்துகளில் நடக்கக்கூடிய எல்லா ஒற்றை எழுத்து மாற்றங்களும் தினமும் எங்கேயோ ஒரு செல்லில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இத்தனை சிறிய பிரதிக்குள் நான்கு மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. நகலெடுக்கும் நொதிக்கான மரபணு மட்டுமே பிரதியில் முக்கால் பங்கை ஆக்கிரமித்திருக்கிறது. மேலுறைப் புரதத்துக்கான மரபணு முழுக்க அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. காளமேகப் புலவரின் பிரிமொழிச் சிலேடையைப் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அதே எழுத்துகள்தாம், சொற்களை வேறிடத்தில் பிரித்தால் வேறு பொருள். சிலேடைப் பாட்டில் ஒரு பொருளைத் திருத்தப்போய் ஓர் எழுத்தை மாற்றினால் இன்னொரு பொருள் கெட்டுவிடும். இந்த வைரஸின் ஒவ்வொரு மாற்றமும் அந்த நெருக்கடிக்குள்தான் நடக்கிறது. இனி வரப்போகும் கதைகள் எல்லாவற்றிலும் இந்த இரட்டைத்தன்மை தலைகாட்டும்.

1896-ஆம் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அது ஈ-ஆன்டிஜெனுக்கான எழுத்து மட்டுமல்ல. வைரஸின் ஆர்.என்.ஏ. ஓரிடத்தில் கொண்டையூசிபோல் மடங்கி, “என்னை உறைக்குள் அடை” என்ற அடையாளமாக நிற்கும். அந்த மடிப்பின் தண்டில் 1896-உம் 1858-உம் எதிரெதிரே கைகோத்து நிற்கின்றன. 1858-இல் எந்த எழுத்து இருக்கிறது என்பது வைரஸின் மரபினத்தைப் பொறுத்தது. ஹெபடைட்டிஸ் பி-க்கு ஏ முதல் ஜே வரை பத்து மரபினங்கள் சொல்லப்படுகின்றன. டி-மரபினத்தில் 1858-இல் ஆர்.என்.ஏ. எழுத்து யுராசில். அது குவானினோடு தளர்வாகத்தான் சேரும். அடினினோடு இறுக்கமாகச் சேரும். எனவே 1896 அடினினாக மாறினால் தண்டு முன்பைவிட உறுதியாகிறது. ஏ-மரபினத்தில் 1858-இல் இருப்பது சைட்டோசின். அது குவானினோடு ஏற்கெனவே இறுக்கமாகச் சேர்ந்திருக்கிறது. அங்கே 1896 மாறினால் தண்டு குலையும். வைரஸ் பெருக முடியாது. மத்தியதரைக் கடலோரத்தில் அந்தத் திரிபு அவ்வளவு பரவலாகவும், ஏ-மரபினம் மிகுந்த வட ஐரோப்பாவில் அரிதாகவும் இருந்ததன் காரணம் இதுதான். மக்களின் உணவோ, காற்றோ, பரம்பரையோ அல்ல, எதிரே நின்ற ஒரே ஓர் எழுத்து.

இந்தியாவில் டி, ஏ இரண்டும் கலந்து இருக்கின்றன. கிழக்கிலும் வடகிழக்கிலும் சி-யும் உண்டு. ஆகவே ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இரண்டு பேருக்கு ‘ஈ நெகட்டிவ்’ என்று ஒரே முடிவு வந்தாலும், அதற்கு அவர்களுடைய வைரஸ்கள் வந்த வழி வேறுவேறாக இருக்கலாம். ஏ-மரபின வைரஸுக்கு 1896 வழி அடைபட்டிருப்பதால், அது பெரும்பாலும் 1762, 1764 வழியை நாடுகிறது.

இந்த இரண்டாவது வழி முதலாவதைப் போல் கதவைச் சாத்துவதில்லை. 1762, 1764 ஆகிய எழுத்துகள், எந்த மரபணுவை எவ்வளவு படியெடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியில் இருக்கின்றன. இரண்டும் மாறினால் ஈ-ஆன்டிஜெனுக்கான படிகள் குறைகின்றன. வைரஸின் முழுப்பிரதிக்கான படிகள் கூடுகின்றன, அல்லது குறைந்தபட்சம் குறையாமல் இருக்கின்றன. ஈ-ஆன்டிஜென் முற்றிலும் போகாமல் பாதி மட்டும் தணிந்த நிலையில் வைரஸ் தொடர்ந்து பெருகுகிறது. இங்கேயும் சிலேடை உண்டு. அதே எழுத்துகள் எக்ஸ் என்ற புரதத்தின் மரபணுவுக்குள்ளும் இருப்பதால், அந்தப் புரதத்தின் 130-ஆம், 131-ஆம் அமினோ அமிலங்கள் மாறிவிடுகின்றன. எக்ஸ் புரதம் சாதாரணமானதல்ல. வைரஸ் டி.என்.ஏ.-வை முடக்கிவைக்கும் மனிதப் புரதத் தொகுதி ஒன்றை அது சிதைக்கிறது. செல் பிரிவதையும் சாவதையும் கட்டுப்படுத்தும் பாதைகளில் கைவைக்கிறது. கல்லீரல் புற்றுநோய் ஆய்வில் நெடுங்காலமாகச் சந்தேக வளையத்தில் இருக்கும் புரதம் அது.

தைவான் புதிருக்கான விடையின் ஒரு பகுதி இதில் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு மாற்றங்களும் ஈ-ஆன்டிஜெனைத் தொடுகின்றன என்பதைக் கொண்டு அவற்றை ஒரே கூடையில் போட்டது நம் சோதனைக்கூடப் பார்வையின் குறை. 1896 மாற்றம் ஈ-ஆன்டிஜென் என்ற போர்வையை முழுதாக விலக்கிவிடுகிறது. அப்படி வெளிப்பட்ட வைரஸை எதிர்ப்பாற்றல் பலரிடம் அடக்கிவிடக்கூடும். 1762, 1764 மாற்றமோ அழற்சியை நீட்டிக்கிறது, எக்ஸ் புரதத்தையும் திரிக்கிறது. வைரஸ் அளவைக் கணக்கில் சேர்த்துக் கழித்த பிறகும் தைவான் ஆய்வில் இந்த வேறுபாடு நிலைத்தது. எனவே வெறும் எண்ணிக்கை விவகாரமாக இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2009-இல் 43 ஆய்வுகளை, 11,582 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்த சீனக் குழு ஒன்று, 1762, 1764 மாறியிருந்தால் புற்றுநோய் வாய்ப்பு 3.8 மடங்கு என்று கண்டது. 1896-க்கு எந்தப் பக்கமும் சாய்வு தெரியவில்லை. பாதுகாப்பும் இல்லை, ஆபத்தும் இல்லை. இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் அதே காலத்தில் நிறுத்தி ஒப்பிட்டவை. புற்றுநோய் வந்தவர்கள் மூத்தவர்கள். நெடுநாள் அழற்சியைக் கடந்தவர்கள். வைரஸ் மாற்றங்களும் வயதோடு சேர்ந்துகொண்டே போகின்றன. மாற்றம் நோயைக் கொண்டுவந்ததா, நீண்ட நோய் மாற்றத்தைத் திரட்டியதா என்பதை அந்த ஒப்பீடு சொல்லாது. தைவான் ஆய்வுக்கு நான் அதிக எடை கொடுப்பது இதனால்தான்: நோய் வருமுன் எடுத்து வைத்த ரத்தம் அது. யாங்சே ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சிதோங் பகுதியிலும், புற்றுநோய் கண்டறியப்படுவதற்கு முன்பே எடுத்த பிளாஸ்மாவில் அந்த இரட்டை மாற்றம் இருந்ததை 2004-இல் காட்டினார்கள். சிதோங்கில் இன்னொரு சங்கதியும் உண்டு. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலிருந்து வரும் அஃப்லாடாக்சின் நஞ்சு, மனித மரபணு ஒன்றில் குறிப்பிட்ட இடத்தில் தழும்பு விடும். வைரஸின் மாற்றமும் மனிதச் செல்லின் மாற்றமும் அங்கே ஒரே கல்லீரலில் சந்திக்கின்றன.

1762-க்கு அக்கம்பக்கத்தில் வேறு மாற்றங்களும் உண்டு. 1653, 1753 ஆகிய இடங்களில் மாறியவர்களுக்கும் அபாயம் கூடுகிறது. இவற்றைவிட என்னை நிறுத்திப் பார்க்க வைப்பது மேலுறைப் புரதத்தின் முன்பகுதியில் நேரும் துண்டிப்புகள். இங்கே ஓர் எழுத்து மாறுவதில்லை, ஒரு துண்டே காணாமல் போகிறது. எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் பகுதிகள் அந்தத் துண்டில் இருப்பதால், அதை இழந்த வைரஸ் கண்ணில் படாமல் தப்புகிறது. விலையும் கொடுக்கிறது: உறைப் புரதம் சரியாக வெளியேற முடியாமல் செல்லுக்குள்ளேயே குவிகிறது. நுண்ணோக்கியில் அந்தச் செல்களின் உட்பகுதி மங்கிய பால்வண்ணக் கண்ணாடி போலத் தெரியும். நோயியல் நிபுணர்கள் 1970-களிலிருந்தே அறிந்த காட்சி அது. வைரஸைச் சுமப்பவர் என்பதற்கான தீங்கற்ற அடையாளமாகவே அதைக் கருதினார்கள். தைவானின் சூ இ-ஜென் குழுதான் அந்தச் செல்களுக்குள் துண்டிக்கப்பட்ட புரதம் தேங்கி, புரத உற்பத்தி அறைகளுக்கு ஓயாத நெருக்கடி தருவதையும், அதனால் செல்லின் டி.என்.ஏ. சேதமடைவதையும் விளக்கியது. எதிர்ப்பாற்றல் ஒரு செல்லைக்கூடத் தாக்காமலே, புரதம் தேங்கியதாலேயே செல் புற்றுநோயை நோக்கி நகரக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்த வைரஸில் இல்லை. 2009-இன் தொகுப்பாய்வில் இந்தத் துண்டிப்புக்கும் கிடைத்தது ஏறத்தாழ அதே 3.8 மடங்கு.

இதுவரை சொன்னவை ஒரே உடலுக்குள் பல்லாண்டு காலம் நடப்பவை. மாறிய வைரஸ் இன்னொருவருக்குத் தொற்றினால்? 1986-இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு மருத்துவமனையில் பரவிய தொற்றில் ஐந்து பேர் கல்லீரல் முற்றிலும் செயலிழந்து இறந்தார்கள். 1991-இல் வெளியான ஆய்வு, அவர்களிடம் இருந்தது 1896 மாறிய வைரஸ் என்று காட்டியது. குஜராத்தின் சபர்காந்தா மாவட்டத்தில் மொடாசாவைச் சுற்றி 2009-இல் நடந்தது இன்னும் கொடியது. சரியாகக் கொதிக்க வைக்காத, ஒருவருக்குப் போட்டு மற்றவருக்கும் போட்ட ஊசிகளால் நானூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது; எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயது வந்தோருக்கு வரும் திடீர் ஹெபடைட்டிஸ் பி-யில் நூற்றுக்கு ஒருவர் இறப்பதே வழக்கம். புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் வித்யா அரங்கல்லே குழு அந்த வைரஸ்களைப் படித்தபோது டி-மரபினம், 1762, 1764, 1896 மாற்றங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கிடைத்தன.

ஈ-ஆன்டிஜென் இல்லாத தாய்க்குப் பிறந்த குழந்தைகளின் அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. ஈ-ஆன்டிஜென் உள்ள தாயிடமிருந்து தொற்றினால் குழந்தைக்கு வைரஸ் சத்தமில்லாமல் நிலைத்துவிடும். ஈ-ஆன்டிஜென் இல்லாத தாயிடமிருந்து தொற்றுவது அரிது. தொற்றினால் சில மாதங்களிலேயே கடும் அழற்சியாக வெடிப்பதுண்டு. எதிர்ப்பாற்றலை உறங்க வைக்கும் புரதம் தொடக்கத்திலிருந்தே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதன் சாட்சியாக இதைப் படிக்கலாம். தைவானின் நடுவயதினரிடம் நன்மையாகத் தெரிந்த அதே மாற்றம், புதிதாகத் தொற்றும் உடலில் கொல்லக்கூடும். ஆனால் மொடாசாவின் சாவுகளுக்கு எழுத்துப் பிழை மீது மட்டும் பழிபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாறாத வைரஸாலும் அத்தகைய சாவுகள் நடக்கின்றன. ஊசி வழியாக எவ்வளவு வைரஸ் ஏறியது என்பதும் ஒரு காரணிதான். மாற்றத்தை மட்டும் பேசினால் ஊசி போட்ட கை மறைந்துவிடும்.

நேப்பிள்ஸ் நகரின் சான் டொமெனிகோ மஜ்ஜோரே தேவாலயத்தில் பதினாறாம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட ஒரு சிறு குழந்தையின் பதனிட்ட உடல் இருக்கிறது. முகத்துக் கொப்புளங்களைப் பார்த்து, பெரியம்மையின் மிகப் பழைய சான்று என்று 1980-களில் கருதினார்கள். 2018-இல் டி.என்.ஏ. எடுத்துப் படித்தபோது கிடைத்தது பெரியம்மை அல்ல, ஹெபடைட்டிஸ் பி. வியப்பு அதோடு முடியவில்லை. 450 ஆண்டு பழைய அந்த வைரஸ் இன்றைய டி-மரபினத்தோடு கிட்டத்தட்ட ஒத்திருந்தது. ஒரே நோயாளியின் உடலில் பத்தாண்டுகளில் இத்தனை எழுத்துகள் மாறும்போது, நூற்றாண்டுகளில் ஏன் இவ்வளவு குறைவு? ஒருவர் வாழ்நாளில் திரளும் மாற்றங்கள் அவருடைய எதிர்ப்பாற்றலோடு மல்லுக்கட்டி வந்தவை. அந்த உடலுக்கு வெளியே அவற்றுக்குப் பெரிய பயனில்லை என்பது ஒரு விளக்கம். அடுத்த தலைமுறைக்கு அதிகம் தொற்றுவது ஈ-ஆன்டிஜென் உள்ள இளந்தாய்களிடமிருந்து, அதாவது இன்னும் மாறாத வைரஸிலிருந்து. மாறாத பழைய பிரதி கல்லீரல் செல்லின் உட்கருவில் வட்ட வடிவ டி.என்.ஏ.-வாகப் பத்திரமாக இருக்கிறது என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. அந்த வட்டத்தை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

மருந்துகளே உண்டாக்கிய மாற்றங்கள் தனிக் கதை. 1998-இல் அமெரிக்காவில் ஹெபடைட்டிஸ் பி-க்காக லாமிவுடின் மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தபோது பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. தினம் ஒரு மாத்திரை, பக்கவிளைவு மிகக் குறைவு. முதல் ஆண்டிலேயே சுமார் ஐந்தில் ஒருவருக்கும், ஐந்தாண்டுகளில் பத்தில் ஏழு பேர் அளவுக்கும் வைரஸ் அதற்கு வசப்படாமல் போனது. நகலெடுக்கும் நொதியின் மையத்தில் 204-ஆம் இடத்து மெத்தியோனின், வாலினாகவோ ஐசோலூசினாகவோ மாறினால் போதும். லியாவ் யுன்-ஃபான் தலைமையில் ஆசிய நாடுகளில் 651 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, முற்றிய நார்த்திசு அல்லது ஈரல் இறுக்கம் உள்ளவர்களுக்கு லாமிவுடின் கொடுத்தால் நோய் முற்றுவது 17.7 சதவீதத்திலிருந்து 7.8 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. வைரஸை அடக்கினால் நோயின் போக்கே மாறும் என்பதற்கு அது முதல் உறுதியான சான்று. அதே ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அந்த மாற்றம் வந்தது. மாற்றம் வந்தவர்களிடம் கல்லீரல் செயல்பாடு சரிவது அதிகமாக இருந்தது.

இங்கும் சிலேடையை மறக்கக் கூடாது. நொதியை மாற்றும் எழுத்து, அதன்மேல் படிந்த மேலுறைப் புரதத்தையும் மாற்றும். லாமிவுடினோடும் அடெஃபோவிர் என்ற இன்னொரு மருந்தோடும் தொடர்புடைய 181-ஆம் இடத்து மாற்றம் ஒன்று, உறைப் புரதத்தின் 172-ஆம் இடத்தில் ‘நிறுத்து’ கட்டளையைப் போட்டுவிடுகிறது. குறைப்பட்ட புரதம் செல்லிலிருந்து வெளியேறாமல் தேங்கும். ரத்தத்தில் வைரஸ் அளவு குறைவாகத் தெரியும், மருந்து கேட்கிறது என்று தோன்றும், செல்லுக்குள் நிலைமை வேறு. ஆய்வகத்தில் அந்தக் குறைப்புரதம் புற்றுநோய்த் தன்மையைத் தூண்டுவதாகவும் கண்டிருக்கிறார்கள். நல்லவேளையாக, இன்று முதல் மருந்தாகக் கொடுக்கப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டுக்கும் வைரஸ் எளிதில் வழி கண்டுபிடிப்பதில்லை. முன்பு லாமிவுடின் சாப்பிடாதவர்களில் ஐந்தாண்டு என்டெகாவிர் எடுத்தபோது எதிர்ப்பு வந்தது 1.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. இந்தியாவில் மலிவானது என்பதற்காக லாமிவுடினைத் தனியாகக் கொடுத்த காலம் நீண்டது. அன்று பழகிய வைரஸ்களில் சில இன்னும் சிலருடைய உட்கருக்களில் இருக்கும். அவர்களுக்கு என்டெகாவிர் அத்தனை உறுதியாக நில்லாது.

தடுப்பூசிக்குத் தப்பும் திரிபு பற்றிய அச்சம் பத்திரிகைகளில் அவ்வப்போது எழும். 1990-இல் இத்தாலியக் குழந்தை ஒன்றிடம் கண்டறிந்த, மேலுறையின் 145-ஆம் இடத்து மாற்றம் உண்மையானதுதான். தைவானில் 1984-இல் தடுப்பூசி தொடங்கியபோது, தொற்றுள்ள குழந்தைகளில் இத்தகைய மாற்றம் 7.8 சதவீதம், பத்தாண்டு கழித்து 28.1 சதவீதம். ஆனால் அதே காலத்தில் தொற்றுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையே சரிந்துவிட்டது. ஆறு முதல் பதினான்கு வயதுக்குள் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-லிருந்து 0.36 ஆனது. மிச்சமிருந்த சிலரிடம் திரிபின் விகிதம் கூடியதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. சோதனைக் கருவிகள் இந்தத் திரிபுகளையும் பிடிக்க வேண்டும் என்பதே நடைமுறைக் கவலை.

நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவார்கள். அதற்குப் பின்னால் ஓர் அறிவியல் அத்தியாயமும் உண்டு. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறை ஆன்டிஜென் மறைந்ததாக எழுதியது. பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை இங்கே குறிப்பிடக் காரணம் வேறு. ஈ-ஆன்டிஜென் இல்லாத ஹெபடைட்டிஸில் எஸ்.ஜி.பி.டி. ஏறும், இறங்கும், சில மாதங்கள் இயல்பாகவே இருக்கும். இறங்கிய வேளையில் என்ன சாப்பிட்டாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். அடுத்த ஏற்றம் வரும்போது சோதனைக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். நாள்பட்ட தொற்றுள்ள இந்தியர்களில் பெரும்பாலோர் ‘ஈ நெகட்டிவ்’ கட்டத்தில் இருப்பவர்கள். அவர்களில் யாருக்கு வைரஸ் உண்மையிலேயே அடங்கியிருக்கிறது, யாருக்குத் திரிந்து உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த ஒற்றைச் சொல் பிரித்துக் காட்டாது. அப்படியானால் எல்லோருக்கும் 1762, 1764, 1896 சோதனை வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்பேன். தைவான் குழுவே 2006-இல் இன்னும் எளிய அளவுகோலைக் காட்டியிருக்கிறது. வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 300 பிரதிகளுக்குக் கீழே இருந்தவர்களில் புற்றுநோய் 1.3 சதவீதம்; பத்து லட்சத்துக்கு மேலே இருந்தவர்களில் 14.9 சதவீதம். 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்திய வழிகாட்டுதலும் வைரஸ் அளவு, எஸ்.ஜி.பி.டி., நார்த்திசு ஆகியவற்றைக் கொண்டே சிகிச்சையை முடிவுசெய்யச் சொல்கிறது, திரிபுகளைக் கொண்டு அல்ல. வைரஸ் அளவு நடுவாந்தரமாக, கல்லீரல் சோதனை எல்லைக்கோட்டில், வயது நாற்பதைத் தாண்டிய நோயாளி ஒருவருக்கு மருந்து தொடங்கலாமா என்று மருத்துவர் தயங்கும் இடத்தில் 1762, 1764 சோதனை தராசை ஒரு பக்கம் சாய்க்க உதவலாம். அதற்கு முன்னால், ‘ஈ நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்பப்பட்டவருக்கு முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்.ஜி.பி.டி.-யும், கூடவே வைரஸ் அளவும் பார்க்கப்பட வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் இந்தச் சோதனைகளும் மருந்தும் இலவசம்.